அளவைத் தீர்மானிப்பது பரிமாறும் கரண்டி

1998இல் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சகாக்களும் ஒரு வியப்பான சோதனையை வெளியிட்டார்கள். மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகள் எதுவும் தங்காத இருவருக்கு மதிய உணவு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்த 10 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடியும் ஒரு முழுச் சாப்பாட்டை முன்னே வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவது தட்டு வந்தபோதும் பெரும்பாலும் கை வைத்தார்கள். நினைவாற்றல் நன்றாக இருந்தவர்களோ இரண்டாவது தட்டையே வேண்டாம் என்றுவிட்டார்கள். எப்போது நிறுத்துவது என்பதை வயிறு மட்டும் முடிவு செய்வதில்லை, 'இப்போதுதானே சாப்பிட்டோம்' என்ற நினைவுக்கும் அதில் பங்குண்டு.

உடலுக்கென்று ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. காலியான இரைப்பை கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரந்து பசியைக் கிளப்பும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 1999இல்தான் கண்டுபிடித்தார்கள். சாப்பிட ஆரம்பித்ததும் இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்கிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற நிறைவுணர்த்தும் ஹார்மோன் சுரக்கிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து அதே வேலையைச் செய்யும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் வருகிறது. இந்தத் தகவல்கள் எல்லாம் மூளையில் வந்து சேர நேரமாகும். அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுபவருக்கு, நிறைவு பெரும்பாலும் கை கழுவிய பிறகே தெரிகிறது.

அதற்குள் கண் முந்திக்கொள்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாட்களில் 500, 625, 750, 1000 கிராம் என மக்ரோனி பரிமாறப்பட்டது. 1000 கிராம் வைத்த நாளில், 500 கிராம் வைத்த நாளைவிட 30 சதவீதம் அதிக ஆற்றல் உள்ளே போயிருந்தது. ஆனால் சாப்பிட்ட பின் இருந்த பசியும் நிறைவும் எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்கள். அளவு மாறியதைப் பாதிக்கும் மேற்பட்டோர் கவனிக்கவே இல்லை!

இன்னொரு விந்தையைக் கல்யாணப் பந்தியில் பார்க்கலாம். "சோறு போதும்" என்று இலையை மறைத்த அதே கை, பாயசம் வந்ததும் விலகிவிடும். ஒரே சுவையைச் சாப்பிடச் சாப்பிட அதன்மேல் மட்டும் நாட்டம் குறைகிறது. புதுச் சுவைக்கு ஆசை அப்படியே இருக்கிறது. பலவகை உணவிலிருந்து பலவகைச் சத்தைப் பெற இந்த இயல்பு மனிதனுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். வீட்டில் இதையே நமக்குச் சாதகமாக்கலாம்: பொரியல், கூட்டு, கீரை என்று காய்களில் வகையைக் கூட்டினால் காய் கூடுதலாக உள்ளே போகும்.

எவ்வளவு சாப்பிடலாம்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குச் சமைக்காத எடையில் கணக்குச் சொல்கிறது. தானியம் 250 கிராம், கீரையும் சேர்த்துக் காய்கள் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் 300 மி.லி. காலை இட்லி, மதியச் சோறு, இரவுச் சப்பாத்தி எல்லாம் அந்த 250 கிராமுக்குள் அடங்க வேண்டும். அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்கு எடையாகும் என்பதால், சோற்றைப் பார்த்து மதிப்பிடுவதைவிட உலையில் போடும் அரிசியை அளப்பது எளிது. எண்ணெய்க்கு மாதக் கணக்கு போதும். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதம் சுமார் மூன்றரை லிட்டரைத் தாண்டினால், வெளியில் சாப்பிடும் வடையைச் சேர்க்காமலே அளவு மீறியாயிற்று.

உடலுழைப்பு, வயது, கர்ப்பம், நோய் ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் அளவை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இன்றிலிருந்தே தொடங்கலாம். தட்டில் பாதியை முதலில் காயால் நிரப்புங்கள். சோற்றை ஒரே தடவையில் அளவாகப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தை அடுக்களையிலேயே விட்டுவிட்டு வந்து உட்காருங்கள். டிவியையும் போனையும் ஒதுக்கிவிட்டு மென்று சாப்பிடுங்கள். இன்னும் வேண்டும் என்று தோன்றினால் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் பசித்தால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள், அது உடல் கேட்கும் சோறு.