முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு

புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் சைலன்சரைப் பற்றித்தான். அடுத்தது, எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிக் குதிரைத்திறனைக் கூட்டித் தரும் கடை எங்கே என்பது. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்பவர்கள் அபூர்வம். காரை ரோட்டில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் இந்த வரிசையால் பெரிய கெடுதல் இல்லை. பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வரிசையைத் தலைகீழாக்கியே ஆக வேண்டும். தடத்தில் காரைக் கொல்வது சூடு. முதல் ரூபாய் அந்தச் சூட்டைத் தாங்கும் பொருள்களுக்குப் போக வேண்டும்.

எருத்தேன்பதிக்காரர்களுக்குப் பந்தயத் தடம் எட்டாத இடத்தில் இல்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ் புழங்கும் எல்லைக் கிராமம் எருத்தேன்பதி. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். அங்கிருந்து செட்டிபாளையம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். கோவையைச் சேர்ந்த பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயர் அதற்கு. மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர் அவர். குடும்பக் காரின் எஞ்சின்தான், ஆனால் ஒரு தலைமுறை அந்த ‘ஃபார்முலா மாருதி’யில் பந்தயம் பழகியது. பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அதில்தான். 1995-இல் இலகுரக விமானம் விழுந்து கரிவரதன் இறந்தார். குறைந்த திறனுள்ள காரை வளைவில் வேகம் குறையாமல் எடுத்துச் செல்லப் பழகுவதே அடிப்படை என்பதற்கு அவர் விட்டுப்போன கார்களே சாட்சி. மென்பொருள் மாற்றும் கடைக்குப் போகுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இனிக் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார், நேர்ப்பாதையின் முடிவில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்கு முன் 60-க்கு இறக்க வேண்டும். இரண்டரை நொடி கிடைக்கிறது. அந்த இரண்டரை நொடியில் சுமார் 8 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். இரண்டே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர அவ்வளவு ஆற்றல் போதும். திறனாகச் சொன்னால் 320 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 430 குதிரைத்திறன். 150 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள காரில் பிரேக் அதைப்போல் மூன்று பங்கு உழைக்கிறது. காரிலேயே வலுவான கருவி பிரேக்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. எண்கள் அதைத்தான் சொல்கின்றன.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. அதனால் வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சக்கர டிஸ்க்குகளுக்குப் போகிறது. 8 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் என்றால் ஒரே அழுத்தலில் 75 டிகிரி செல்சியஸ் ஏறும். அடுத்த வளைவுக்கு முன் அது முழுதாக ஆறாது. சுற்றுக்குச் சுற்று மிச்சச் சூடு சேர்ந்து, சில சுற்றுகளிலேயே டிஸ்க் 400 டிகிரியைத் தாண்டிவிடும்.

இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்குப் பழக்கமான சோதனை வால்பாறை மலைப்பாதை. ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். 800 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால், அதே கார் இழக்கும் நிலையாற்றல் ஒரு கோடி ஜூல். தடத்தில் சுற்றுக்கு மூன்று இடத்தில் ஓங்கிப் பிரேக் பிடித்தால் நாலே சுற்றில் அந்த ஒரு கோடி வந்துவிடுகிறது. மலையில் அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கியரைக் குறைத்தால் பாதிச் சுமையை எஞ்சினே ஏற்கிறது. தடத்தில் எல்லாம் ஐந்தாறு நிமிடத்தில் முடிகிறது. வால்பாறையில் ஒரு குறையும் சொல்லாத பிரேக், செட்டிபாளையத்தில் கைவிடுவது இதனால்தான்.

கைவிடுவது பெரும்பாலும் பிரேக் ஆயிலில் தொடங்குகிறது. அது கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இவை முறையே 140, 155, 180 என்று இறங்கிவிடுகின்றன. டிஸ்க்கின் சூடு, அதைக் கவ்வும் பேட் வழியாக, பேடைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டனுக்கு வந்து, அதன் பின்னால் நிற்கும் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. கொதித்தால் ஆவிக்குமிழி. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதித்த பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. முன்னறிவிப்பு பெரும்பாலும் கிடைக்காது, போன வளைவு வரை எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

எனவே பழைய கார் கைமாறி வந்திருந்தாலும் சரி, ஷோரூமிலிருந்து வந்திருந்தாலும் சரி, தடத்துக்குப் போகுமுன் முத்திரை பிரிக்காத புதுப் புட்டியிலிருந்து நல்ல டாட் 4 அல்லது 5.1 ஆயில் ஊற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் காற்று எடுக்கச் சொல்லுங்கள். காரில் செய்யும் வேலைகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பாதுகாப்புத் தருவது வேறில்லை. ஓர் எச்சரிக்கை: டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கோன். 5.1-க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கலக்கவே கூடாது.

பேட் விஷயம் இன்னும் சிக்கலானது. ரோட்டுப் பேட் ஆறிய நிலையிலேயே கவ்வும். சூடு மிஞ்சினால் அதிலுள்ள பிசின் வாயுவாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வழுக்கும். பந்தயப் பேட் 500 டிகிரியிலும் கவ்வும். ஆனால் காலையில் வீட்டிலிருந்து கிளம்பியதும் முதல் முறை மிதிக்கும்போது கவ்வாது. தென்னந்தோப்பு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வருகிற ஊரில் அந்தப் பேடை மாட்டிக்கொண்டு கிளம்புவது பெருந்தவறு. தடத்துக்கே ஓட்டிப்போய் ஓட்டியே திரும்புகிறவர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ரகம் கிடைக்கிறது. சுற்றில் அரை நொடி கூடினாலும் அதுவே சரி. புதுப் பேடை மாட்டியதும் முழுதாக நிறுத்தாமல் மிதமான வேகத்திலிருந்து எட்டுப் பத்து முறை இறக்கி, பிறகு சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் பிடிப்பு முழுமையாகும்.

டயருக்கு வருவோம். ஒரு சக்கரத்தின் மேல் 325 கிலோ, உள்ளே 30 பாயிண்ட் (பிஎஸ்ஐ) காற்று. இரண்டையும் வகுத்தால் ரோட்டைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஓர் ஏ4 தாள் அளவு. திருப்புவது, நிறுத்துவது, தள்ளுவது எல்லாம் அந்தத் தாளளவு ரப்பரின் வேலை.

அந்த ரப்பர் உழைக்கும்போது உள்ளே காற்றும் சூடாகிறது. கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்று பள்ளியில் படித்த விதி இங்கே அப்படியே நடக்கிறது. 30 டிகிரியில் 30 பாயிண்ட் அடித்த டயர், தடத்தில் 75 டிகிரிக்குப் போனால் 36 பாயிண்டைத் தாண்டிவிடும். டயர் நடுவில் புடைத்து, ஓரங்கள் ரோட்டை விட்டு எழும். ஆகவே காலையில் ஆறிய டயரில் சில பாயிண்ட் குறைத்துத் தொடங்கி, நாலைந்து சுற்றுக்குப் பின் உள்ளே வந்ததும் சூட்டோடு அளந்து சரிசெய்கிறார்கள். கையில் சொந்த அழுத்தமானி இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி இந்த வேலை ஆகாது. சாயங்காலம் ஆறிய பிறகு மறுபடி காற்று அடிக்காமல் ஊருக்குக் கிளம்பினால் டயர் தொய்ந்து பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். அது தடத்தில் வரும் ஆபத்துக்குக் குறைந்ததல்ல.

டயரின் வரம்பை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது 2005 ஜூன் 19-இல். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் சாய்வான 13-ஆவது வளைவின் சுமையை மிஷெலின் டயர்களின் பக்கச்சுவர் தாங்காது என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பந்தயத்தன்று 14 கார்கள் அறிமுகச் சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அந்த ஆறில் ஒன்று ஜோர்டான் அணிக்காக நரேன் கார்த்திகேயன் ஓட்டியது. நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. அன்று அவரோடு பந்தயத்தில் இருந்த முன்னணி அணி ஃபெராரி ஒன்றுதான் என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. பந்தயத்தின் முடிவுவரை ஓடிக் காரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் திறமைதான்.

பழைய கார் வாங்கியவர்கள் டயரின் பக்கச்சுவரில் நாலு எண்களைத் தேடிப் பாருங்கள். 2321 என்றிருந்தால் 2021-இன் 23-ஆவது வாரம் செய்தது. கோடுகள் ஆழமாகவே இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். கோடில்லாத தோற்றமுள்ள தடப்புழக்க டயரை ரோட்டில் போட ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை: பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மழையோடு நுழையும் மாதங்களில், தண்ணீரை வெளியே தள்ள அந்த டயரில் போதிய கால்வாய் கிடையாது.

காரைத் தாழ்த்துவது அடுத்த ஆசை. ஈர்ப்பு மையம் கீழிறங்கினால் வளைவில் எடை சாய்வது குறையும் என்பது உண்மை. ஆனால் தடத்துக்குப் போகும் வழியில் வேகத்தடைகள் இருக்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வில் வடிவம். 2.6 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது சக்கரங்களும் மேட்டின் சரிவிலேயே இருக்கும்; வயிற்றுப் பகுதி இழப்பது 5 சென்டிமீட்டர்தான். 12 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்போர்ட்ஸ் கார் தாராளமாகக் கடந்துவிடும். ஊர்க்காரர்கள் தாங்களே போட்ட, ஒரு மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேட்டில் சக்கரம் இரண்டு பக்கமும் தரையில் நிற்கும். முழு 15 சென்டிமீட்டரும் வயிற்றைத் தேடி வரும். அப்படிப்பட்ட மேடு ஒன்றாவது வழியில் இருந்தால் காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

சட்டமும் தொடவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அலைன்மென்ட் கடையில், தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைக்குள் முன்சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து வைப்பது வேறு விஷயம். வளைவில் கார் சாயும்போது டயர் முழுப்பரப்பும் தரையில் படும். கூடுதலாகச் சாய்த்தால் ரோட்டில் உள்ளோரம் தேய்ந்துபோகும்.

புத்தம் புதிய கார் என்றால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒன்றிப் பழக, கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். பலவற்றில் அது முதல் ஆயிரம். அதன்பின் எஞ்சின் ஆயிலை மேல்கோடு வரை நிரப்புங்கள். நீண்ட வளைவில் பக்கவாட்டு விசை ஈர்ப்புக்குச் சமமானால், கீழ்த்தொட்டியில் ஆயில் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தால் பேரிங்குகள் சில நொடிகளிலேயே போய்விடும். சித்தூரின் கிழக்கு ஊர்கள் மழைமறைவுப் பகுதி; காற்றில் புழுதி அதிகம், ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். மார்ச் மாதத்து 38 டிகிரி மதியத்தில், மார்கழி அதிகாலையின் 20 டிகிரியைவிடக் காற்று 6 சதவீதம் லேசு. அதே அளவுக்கு எஞ்சினும் சோர்கிறது. வெள்ளென எழுந்து முதல் ஆளாகத் தடத்தில் நிற்பவருக்கு அந்தத் திறன் காசில்லாமல் கிடைக்கிறது, பிரேக்குக்கும் குளிர்ச்சி.

காப்பீட்டுப் பத்திரத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படித்துவிட்டுப் போங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமான பாலிசியில் அடங்காது. தடத்தில் கார் நொறுங்கினால் செலவு உங்களுடையது.

தடத்துக்குள் போகுமுன் ஜாக்கி, ஸ்டெப்னி, தரைவிரிப்பு, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பெடலுக்கு அடியில் உருண்டு வரும் புட்டி, கொதித்த பிரேக் ஆயிலுக்கு இணையான எமன். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். பெடல் கொஞ்சம் மென்மையானதாகத் தோன்றினால் அந்தச் சுற்றிலேயே வெளியே வந்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி, டிஸ்க்கில் காற்றுப் படவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்கக் கூடாது. சுடச்சுட இருக்கும் பேட் டிஸ்க்கோடு ஒட்டி ஒரே இடத்தில் தழும்பு விடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வீடு திரும்பிய மறுநாள் பேடின் கனத்தை அளந்து, 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் அடுத்த முறை தடத்துக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள்.