வெறும் பாக்குதானே!

விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டை நீட்டுவது நம் இல்லங்களின் மரபு. "புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதானே!" என்று ஆறுதல் கொள்வோர் பலர். அவ்வாறுதலுக்கு இடமில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தெளிவாகக் கூறியுள்ளது. சிறுவர் கடையில் வாங்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலமும் அதே பாக்குதான்! நாள்தோறும் அதை மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறப்பது குறுகலாம். காரம் பட்டால் எரியும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ காணின், வலியில்லை என்று வாளாவிராது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நோய் கண்டபின் உறவினர் விதிக்கும் பத்தியங்களோ பல: முட்டை ஆகாது, பால் ஆகாது, மீன் ஆகாது! கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாய் புண்ணாகியிருப்பவர் உண்ணும் சிறிதளவையும் இவை பறித்துவிடுகின்றன. உடல் மிக மெலிந்தால் சிகிச்சையையே இடையில் நிறுத்த நேரிடலாம். எந்த உணவும் சிகிச்சைக்கு மாற்றாகாது. ஆனால், அதைத் தாங்கும் வலிமை உணவினால்தான் வரும். குழைந்த சோறு, கடைந்த பருப்பு, ஆறிய கஞ்சி, மசித்த முட்டை ஆகியவற்றைக் காரமும் புளியுமின்றி, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். விழுங்கவே இயலாதபோது மூக்கு வழியே குழாய் வைக்க மருத்துவர் சொன்னால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அது தற்காலிகமானதே.