பழைய வண்டியும் தொப்பூர் இறக்கமும்: பிரேக் பழுதைக் கண்டறிந்து சரி செய்வது எப்படி?



தருமபுரி மாவட்டத்தில் மளிகை வணிகம் செய்யும் நமக்கு வண்டி இல்லாமல் ஒரு நாளும் நகராது. சேலம் லீ பஜாரிலிருந்தும் செவ்வாய்பேட்டையிலிருந்தும் சரக்கு ஏறி வரவேண்டும். பாலக்கோட்டுத் தக்காளியும் நம் பக்கத்துப் புளியும் கீழே இறங்கிப் போகவேண்டும். நம்மில் பலர் வைத்திருப்பது பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டாடா 407, ஏஸ், ஆம்னி வகையறாக்கள்தான். என்ஜின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனால் வண்டி நன்றாக இருக்கிறது என்று திருப்தி அடைந்து விடுகிறோம். ஓடுவதற்கு என்ஜின் போதும். நிற்பதற்கு பிரேக் வேண்டும் என்பதை மறந்து போகிறோம்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் கணவாயைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து வரிசையாக நின்ற கார்களின் மேல் மோதியதில் நான்கு பேர் இறந்தனர். 2024 ஜனவரியில் அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் மேலும் நான்கு உயிர்கள் போயின. அவை பெரிய லாரிகள், நம்முடையது சின்ன வண்டி என்று ஒதுக்கிவிட முடியாது. இறக்கத்தின் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

பிரேக் ஏன் கைவிடுகிறது?

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் ஏற்பாடு. சரக்கோடு சேர்த்து 5 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். முழுக்க முழுக்க பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பிறக்கும் சூடு ஏறக்குறைய 16 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவு சூடும் நான்கு சக்கரங்களின் டிரம்மிலும் டிஸ்க்கிலும்தான் இறங்குகிறது. மொத்த எடை இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ, நிறுத்தும்போது பிறக்கும் சூடு நான்கு மடங்காகும்.

சூடு மிஞ்சினால் லைனிங்கின் பிடிப்பு குறைகிறது. கருகல் வாசனை வருவது அப்போதுதான். அடுத்து பிரேக் ஆயில் கொதிக்கிறது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும், மூட்டையில் வைத்த உப்பு கசிவது போல. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரி வரை இறங்கி விடும். டாட் 4 ஆயிலில் இந்த அளவு 230, 155. கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, குமிழியை நசுக்கலாம். ஆகவே மிதித்த மிதி குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சமதரையில் நன்றாகப் பிடித்த வண்டி இறக்கத்தில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அறிகுறியும் காரணமும்

1. மிதித்தால் பஞ்சு போல் அமுங்குகிறது: குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் தளர்ந்து உப்புகிறது.

2. மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது: வெளியே ஒழுக்கு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாசர் தேய்ந்திருக்கும். இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

3. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை அடித்தபின் மேலே வருகிறது: ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, அட்ஜஸ்ட் செய்யவேண்டும். பஞ்சு போலவும் இருந்தால் காற்றும் சேர்ந்திருக்கிறது.

4. கல் போல் இறுகி, பலமாக மிதித்தால்தான் பிடிக்கிறது: பூஸ்டர் அல்லது அதற்குப் போகும் வாக்குவம் ஹோஸில் கோளாறு. டீசல் வண்டியில் வாக்குவம் பம்பையும் பார்க்க வேண்டும். இதற்கு எளிய சோதனை உண்டு. என்ஜினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

5. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது: எதிர்ப் பக்கச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் நனைந்திருக்கலாம், பிஸ்டன் இறுகியிருக்கலாம். முதலில் டயர் காற்றைச் சரிபார்ப்பது நல்லது.

6. ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுடுகிறது: பிரேக் விடாமல் உரசுகிறது. இறுகிய பிஸ்டன், ஹேண்ட் பிரேக் கேபிள், உட்புறம் வீங்கிய ஹோஸ் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகும்.

7. இரும்போடு இரும்பு உரசும் சத்தம்: லைனிங் முடிந்து ரிவெட் டிரம்மைத் தின்கிறது. லைனிங் செலவோடு போகவேண்டியது டிரம் செலவிலும் போய் நிற்கும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

மெக்கானிக்கிடம் "பிரேக் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், மேலே கண்டதில் எந்த அறிகுறி என்று டிரைவரை விட்டே சொல்லச் செய்யுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

ஷூ, பேட் மாற்றினால் ஒரே அச்சின் இரு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது இழுப்பை நாமே விலைக்கு வாங்குவது. ஆயிலில் நனைந்த லைனிங்கைத் துடைத்து மறுபடி மாட்டக் கூடாது; ஒழுக்கை நிறுத்தி லைனிங்கையும் மாற்ற வேண்டும்.

காற்று எடுக்கும்போது ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து குமிழி போனதும் மூடிய பிறகே மிதியை விடவேண்டும். வண்டியின் புத்தகம் வேறு முறை சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். குறைந்தால் மறுபடி காற்று புகும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. திறந்து நெடுநாள் வைத்த டப்பாவும் வேண்டாம். அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் வாசர்கள் எல்லாம் ஊதிப் பெருத்து மொத்த பிரேக்கும் கெடும்.

டிரம்மிலுள்ள தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பின்பக்கம் பட்டை கூட்டி அதிகச் சரக்கு ஏற்றும் பழக்கமும் நம்மிடம் உண்டு. எடைக்குத் தக்கபடி பின் பிரேக்கை அளக்கும் வால்வு உள்ள வண்டியில், பட்டை கூட்டினால் வண்டி தாழாது. வால்வு அதைக் காலி வண்டி என்றே எடுத்துக் கொள்ளும். பின் பிரேக் குறைந்து போகும்.

இறக்கத்தில் ஓட்டும் முறை

இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில், வேகம் கூடிய பிறகு கியர் இறங்க மறுக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் என்ஜினை நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். நியூட்ரலில் என்ஜினின் பிடிப்பு போய்விடும். என்ஜினை நிறுத்தினால் பூஸ்டரும் இரண்டொரு மிதியோடு ஓய்ந்துவிடும். உண்மையில் பெரும்பாலான புதிய வண்டிகளில் கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் போவது நின்றுவிடும். ஆகவே அந்த மிச்சமும் இல்லை.

காலை பிரேக்கிலேயே வைத்திருக்காமல், வேகம் கூடும்போது அழுத்திக் குறைத்து விட்டுவிட வேண்டும். வாசனை வந்தால் ஒதுக்குப்புறமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். சுடும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.

முதலாளியின் பொறுப்பு

இதைப் படிக்கிற நம்மில் பலர் ஸ்டியரிங் பிடிப்பதில்லை. பிடிப்பவர் நம்மிடம் சம்பளம் வாங்குபவர். "அண்ணாச்சி, பிரேக் சரியில்லை" என்று அவர் சொல்லும்போது, "இந்த ஒரு லோடு போய் வா, தீபாவளி கழித்துப் பார்க்கலாம்" என்று நாம் சொன்னால் வேலைக்குப் பயந்து அவர் போவார். நமக்கு மிஞ்சுவது ஒரு நாள் வாடகை. அவர் வீட்டில் பணயம் வைக்கப்படுவது வேறு. டிரைவர் பிரேக் குறை சொன்ன வண்டியில் சரக்கு ஏற்றுவதில்லை என்று ஒவ்வொரு கடையிலும் நாம் விதி வைத்துக் கொள்ள வேண்டும்.

சட்டமும் நம்மைத்தான் கேட்கும். 2019 திருத்தத்துக்குப் பின் அதிகச் சரக்குக்கு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூடுதல். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடந்தோறும் எப்.சி. எடுக்க வேண்டும். ஆனால் எப்.சி. என்பது ஒரு நாள் சோதனை. மீதி 364 நாளும் பார்க்க வேண்டியவர் நாமே.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின நாள் நான்கு சக்கரமும் கழற்றிப் பார்த்து, பழைய பிரேக் ஆயிலை முழுதும் எடுத்துப் புதிது ஊற்றுவதையும் வழக்கமாக்குவோம். வருடத்துக்கு ஒரு நாள் என்பதால் மறக்காது. தீபாவளிச் சரக்கு ஏறுவதற்கு முன் வண்டியும் தயாராகிவிடும்.