வெளியூரிலிருந்து கடைக் கமராவைத் திறக்க முடியாதது ஏன்?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். 4ஜி ரவுட்டரும் கமராவும் பூட்டியாயிற்று. கடைக்குள் படம் தெளிவு. முதலாளி கொழும்பிலிருந்து ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் மட்டும் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

பழைய இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. நமது வட்டாரத்துக்கு அவற்றைப் பங்கிடும் ஏப்னிக்கின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு இறங்கிவிட்டது. ஆகவே பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது இணையச் சேவை நிறுவனங்களுக்குச் சிக்கனம்.

ஒரு பெரிய விடுதியை நினையுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே இலக்கம். நீங்கள் கடிதம் அனுப்பினால், வாசல் எழுத்தர் அறை எண்ணைக் குறித்துக்கொள்வார். பதில் சரியாக உங்களிடம் வரும். நீங்கள் எழுதாமலே வரும் கடிதம்? எந்த அறைக்கென்று தெரியாமல் திருப்பிவிடுவார். முதலாளியின் அழைப்புக்கும் அதே கதி. கமராச் செயலிகள் வேலை செய்வது, கமராவே முதலில் வெளியே எழுதுவதால்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், நீங்களும் விடுதிவாசிதான். 2012இல் இந்த வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். வணிகத்தின் தேவைக்கு முகவரித் திட்டமே வளைந்தது.

தட்டுப்பாடு என்றால் விலையும் வரும். நிலையான பொது முகவரிக்குத் தனிக் கட்டணம் பல நாடுகளிலும் வழக்கம்.

புதிய முகவரி முறையான ஐபிவி6இல் தட்டுப்பாடே இல்லை. ஒரு வீட்டுக்கே 65,536 துணை வலையமைப்புகளுக்கு இடம் கொடுங்கள் என்றது 2001இன் பரிந்துரை. ஆனாலும் ஒரே ஒரு துணை வலையமைப்பை மட்டும் தரும் நிறுவனங்கள் உண்டு. அது தேவையற்ற கஞ்சத்தனம்: வாடிக்கையாளர் வைஃபையைக் கமராவிலிருந்து பிரித்துவைக்கக் கடைக்காரருக்குச் சுலபமான வழி இல்லாமல் போகிறது.