மார்ஷ்மெல்லோ சவால்

இக்கட்டுரை கட்டுமானப் போட்டி ஒன்றைப் பற்றியது. சிறுவர்களின் பொறுமையை ஆராய உளவியலாளர் வால்ட்டர் மிஷெல் நடத்திய ஆய்வு, ஸ்டான்ஃபோர்டு மார்ஷ்மெல்லோ சோதனை எனப்படும். இரண்டிற்கும் பொதுவானது அந்த இனிப்பு மட்டுமே.

மார்ஷ்மெல்லோ சவால் என்பது வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒட்டுநாடா, நூல் ஆகியவற்றைக் கொண்டு, உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோவைத் தாங்கித் தானாக நிற்கும் கோபுரத்தை 18 நிமிடங்களுக்குள் கட்டும் குழுப் போட்டியாகும். மிக உயரமான கோபுரத்தைக் கட்டும் குழு வெற்றி பெறும். ஸ்பகெட்டி என்பது சேமியாவைவிடத் தடித்த, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இத்தாலிய மாவுணவு. மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரைப் பாகுடன் ஜெலட்டின் சேர்த்துக் காற்றேற்றிச் செய்யப்படும், பஞ்சு போன்ற இனிப்பு. பள்ளிகளில் பொறியியலை அறிமுகம் செய்வதற்கும், நிறுவனங்களில் குழுப்பணிப் பயிற்சிக்கும் இப்போட்டி பயன்படுத்தப்படுகின்றது. மழலையர் பள்ளிச் சிறுவர்கள் வணிகவியல் பட்டதாரிகளைவிட உயரமான கோபுரங்களைக் கட்டினர் என்னும் செய்தியினாலேயே இது பரவலாக அறியப்பட்டது.

வரலாறு

இப்போட்டியை உருவாக்கியவர் பீட்டர் ஸ்கில்மன் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். பொறியாளர்கள், மேலாண்மை மாணவர்கள், மழலையர் பள்ளிச் சிறுவர்கள் எனப் பலதரப்பட்ட குழுக்களிடம் இதனை நடத்திப் பார்த்த அவர், தம் பட்டறிவை 2006 ஆம் ஆண்டு டெட் மாநாட்டில் ஒரு சிற்றுரையாக வழங்கினார். கனடாவைச் சேர்ந்த டாம் வூஜெக் அதனைத் தம் வடிவமைப்புப் பட்டறைகளில் கையாண்டார். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தில் பணியாற்றிய வூஜெக் 2010 ஆம் ஆண்டு டெட் மாநாட்டில் ஆற்றிய உரையே இப்போட்டியை உலகெங்கும் கொண்டு சென்றது.

விதிமுறைகள்

பொதுவாக நால்வர் கொண்ட குழுவாக விளையாடுவர். ஒவ்வொரு குழுவிற்கும் 20 ஸ்பகெட்டிக் குச்சிகள், ஒரு கெஜம் (ஏறத்தாழ 91 சென்டிமீட்டர்) ஒட்டுநாடா, ஒரு கெஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ ஆகியவை தரப்படும். குச்சிகளை ஒடிக்கலாம், நூலையும் நாடாவையும் வெட்டலாம். மார்ஷ்மெல்லோவை மட்டும் வெட்டவோ உண்ணவோ கூடாது. அது முழுமையாக உச்சியில் இருத்தல் வேண்டும். மேசைப் பரப்பிலிருந்து மார்ஷ்மெல்லோவின் மேற்பகுதி வரை உயரம் அளக்கப்படும். கூரையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ கோபுரத்தைத் தொங்கவிடுவது ஏற்கப்படாது. நேரம் முடிந்தபின் எவரும் அதனைத் தாங்கிப் பிடித்திருத்தல் கூடாது. இறுதி விதி எளியதாகத் தோன்றினாலும், பல குழுக்கள் தோற்பது இதனால்தான்.

பொறியியல் அடிப்படை

மார்ஷ்மெல்லோ எடையற்றது என்று எண்ணுவதே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. கையில் வைத்துப் பார்த்தால் அவ்வாறுதான் தோன்றும். வழக்கமான அளவுடைய ஒரு மார்ஷ்மெல்லோ ஏறத்தாழ 7 கிராம் இருக்கும். ஸ்பகெட்டிக் குச்சி ஒன்று ஏறத்தாழ 1 கிராம். எனவே 20 குச்சிகளையும் பயன்படுத்திய கோபுரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கு இணையான சுமை, அதன் உச்சியில் ஒரே புள்ளியில் வைக்கப்படுகின்றது. ஈர்ப்பு மையம் மேலே செல்கின்றது; சிறு சாய்வும் கோபுரத்தைக் கவிழ்த்துவிடும்.

மெல்லிய குச்சியை அதன் நீளவாக்கில் அழுத்தினால் அது நசுங்குவதில்லை. பக்கவாட்டில் வில்போல் வளைந்து, பின்னர் முறிகின்றது. இதனை நெளிவு என்பர். ஒரு தூண் எவ்வளவு சுமையில் நெளியும் என்பதற்கான சமன்பாட்டை 18 ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் தந்தார். அதன்படி, தூணின் நீளம் இருமடங்கானால் அது தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். விட்டம் இருமடங்கானால் தாங்கும் சுமை பதினாறு மடங்காகும்.

இதனை இப்போட்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம். குச்சியின் விட்டம் 1.8 மில்லிமீட்டர், நீளம் 25 சென்டிமீட்டர், யங் குணகம் 4 கிகாபாஸ்கல் எனக் கொள்வோம். இரு முனைகளும் இடம்பெயராதவாறு மூட்டுகளால் பிடிக்கப்பட்ட குச்சி ஏறத்தாழ 33 கிராம் சுமை வரை நெளியாது. அடிமுனை மட்டும் உறுதியாக ஊன்றப்பட்டு, மேல்முனை கட்டற்று நிற்கும் குச்சிக்கு இது கால் பங்காகி, 8 கிராம் ஆகின்றது. அதாவது, ஒற்றைக் குச்சியின் நுனியில் மார்ஷ்மெல்லோவைச் செருகி நிறுத்தினால் அது மயிரிழையில் தப்பிக்கும். அவ்வாறே இரு குச்சிகளை நீளவாக்கில் ஒட்டி 50 சென்டிமீட்டராக்கினால் தாங்குதிறன் 2 கிராம் மட்டுமே. மார்ஷ்மெல்லோ அதனை உடனே வளைத்துவிடும். சிறுவர்கள் சமன்பாடு எதுவும் இன்றியே இதனை இரண்டாவது நிமிடத்தில் கண்டுகொள்கின்றனர்.

தீர்வு இரண்டு வகையில் அமையும். ஒன்று, குச்சிகளைக் கற்றையாகச் சேர்த்துத் தடிமனாக்குதல். மூன்று குச்சிகளைத் தளர்வாகக் கட்டினால் ஏறத்தாழ மும்மடங்கு வலு கிடைக்கும்; ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதவாறு இறுக்கிக் கட்டினால் அதனினும் கூடுதலாகக் கிடைக்கும். மற்றொன்று, நீண்ட தூணை இடையிடையே பிணைத்துக் குறுந்துண்டுகளாகச் செயற்பட வைத்தல். மின்கோபுரங்களிலும் பாரந்தூக்கிகளிலும் காணப்படும் குறுக்குச் சட்டங்கள் செய்யும் பணி இதுவே.

பிணைக்கும்போது முக்கோணம் முதன்மை பெறுகின்றது. நான்கு குச்சிகளை மூலைகளில் ஒட்டிச் செய்த சதுரம், தள்ளினால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். பக்கங்களின் நீளம் மாறாமலே அதன் வடிவம் மாறக்கூடும் என்பதே இதற்குக் காரணம். முக்கோணத்தில் அதற்கு இடமில்லை. கனசதுர அடுக்குகளாகக் கட்டத் தொடங்கும் குழுக்கள் மூலைவிட்டக் குச்சியைச் சேர்க்க மறந்தால், கோபுரம் முறுக்கிக்கொண்டு விழும். மூன்று கால்களைச் சாய்த்து உச்சியில் கட்டும் முக்காலி, மிகக் குறைந்த குச்சிகளில் உறுதியான அடித்தளத்தைத் தருகின்றது. ஆனால் சுமை ஏறியதும் கால்கள் வெளிப்புறம் விரிய முயலும். அடியில் குறுக்குக் குச்சிகளோ நூலோ கட்டி அவ்விரிவைத் தடுத்தல் வேண்டும்.

நூலினால் பயனில்லை என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். நூல் அழுத்தத்தைத் தாங்காது என்பது உண்மையே. இழுவிசையை நன்கு தாங்கும். கோபுரத்தின் நடுப்பகுதியிலிருந்து மூன்று திசைகளில் நூலை இழுத்து மேசையில் ஒட்டினால், கூடாரக் கயிறு போன்று அது சாய்வைத் தடுக்கும். (மேசையில் ஒட்டுவதைச் சில நடுவர்கள் ஏற்பதில்லை, முன்னரே கேட்டறிதல் நன்று.) ஒட்டுநாடாவையும் கணக்கிட்டே செலவிடல் வேண்டும். ஒரு மூட்டிற்கு 4 சென்டிமீட்டர் எனக் கொண்டால் மொத்தம் 22 மூட்டுகளே கிடைக்கும்.

ஸ்பகெட்டி முறியும் விதமும் ஆராயப்பட்டுள்ளது. இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் அது பெரும்பாலும் இரண்டாக முறியாமல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறும். இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மனையும் ஈர்த்த இப்புதிரைப் பிரான்சு நாட்டின் பசில் ஓதோலி, செபாஸ்தியன் நோய்கிர்ஷ் ஆகியோர் 2005 இல் விளக்கினர். முதல் முறிவு ஏற்பட்டதும் குச்சியில் பரவும் வளைவு அலைகளே அடுத்த முறிவுகளை உண்டாக்குகின்றன. இவ்வாய்விற்கு 2006 ஆம் ஆண்டு இக் நோபல் பரிசு கிடைத்தது. போட்டியாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன்: குச்சியை ஒடிக்க முனைகளைப் பிடித்து வளைக்காமல், ஒடிய வேண்டிய இடத்தின் இருபுறமும் நெருக்கிப் பிடித்து ஒடித்தல் வேண்டும்.

சிறுவர்களும் பெரியவர்களும்

வூஜெக் தம் உரையில் தந்த விவரங்களின்படி, கோபுரங்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 20 அங்குலம். வணிகவியல் பட்டதாரிகளின் சராசரி அதில் பாதி. மழலையர் பள்ளிச் சிறுவர்கள் சராசரியைத் தாண்டினர். பத்துக் குழுக்கள் பங்கேற்றால் ஆறு கோபுரங்களே இறுதியில் நிற்கும் என்றும் அவர் குறிப்பிட்டார்.

பெரியவர்கள் முதலில் பேசித் திட்டமிட்டு, வரைந்து, பின்னர் கட்டத் தொடங்குகின்றனர். மார்ஷ்மெல்லோவை இறுதி நிமிடத்தில்தான் மேலே வைக்கின்றனர். அப்போது கோபுரம் வளைகின்றது, திருத்துவதற்கு நேரமில்லை. சிறுவர்களோ தொடக்கத்திலேயே மார்ஷ்மெல்லோவை வைத்துச் சிறியதொரு அமைப்பைக் கட்டுகின்றனர். அது விழுந்தால் மாற்றிக் கட்டுகின்றனர். 18 நிமிடங்களில் அவர்களுக்குப் பல முன்மாதிரிகள் கிடைத்துவிடுகின்றன. குழுவில் யார் தலைவர் என்னும் போட்டியிலும் அவர்கள் காலத்தைச் செலவிடுவதில்லை. மென்பொருள் துறையில், நிரலை முழுவதும் எழுதி முடித்தபின் ஒரே நாளில் சோதிப்பதற்கும், பகுதி பகுதியாகச் சோதித்துக்கொண்டே எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை இது ஒத்தது.

வூஜெக் ஒருமுறை 10,000 டாலர் மதிப்புள்ள மென்பொருளைப் பரிசாக அறிவித்து வடிவமைப்பு மாணவர்களிடையே போட்டி நடத்தினார். ஒரு குழுவின் கோபுரமும் நிற்கவில்லை. சில மாதங்கள் கழித்து, முன்மாதிரியின் பயனை அறிந்த அதே மாணவர்கள் மீண்டும் முயன்றபோது மிகச் சிறப்பாகக் கட்டினர்.

விமர்சனம்

சிறுவர்கள் பெரியவர்களை வென்றனர் என்று சுருக்கிக் கூறப்படுவது முழு உண்மையன்று. வூஜெக்கின் பட்டியலில் முதலிடம் பெற்றவர்கள் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் ஆவர். அவர் கண்டவற்றுள் மிக உயரமான கோபுரம் 39 அங்குலம். முக்கோணத்தையும் நெளிவையும் கற்றவர்களுக்கு அக்கல்வி பயன்பட்டது என்பதையே இது காட்டுகின்றது. ஆயினும் பயிற்சி வகுப்புகளில் இப்பகுதி பெரும்பாலும் விடப்பட்டு, திட்டமிடுதலே வீண் என்பது போன்ற கருத்து பரப்பப்படுகின்றது. அது மாணவர்களுக்குத் தவறான வழிகாட்டல் ஆகும்.

மேலும், இவ்வெண்கள் பட்டறைகளில் திரட்டப்பட்டவை. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் அல்ல. ஸ்கில்மன் மழலையர் பள்ளிச் சிறுவர்களுக்கு முதலிடம் தந்தார். வூஜெக் பொறியாளர்களுக்குத் தந்தார். இவ்வேறுபாடே முடிவுகளை அளவோடு கொள்ள வேண்டும் என்பதை உணர்த்தும்.

பள்ளியில் நடத்துதல்

ஆசிரியரோ பெற்றோரோ கை கொடுத்தால் போட்டி பொருளிழக்கின்றது. கோபுரம் சாயும்போது பிடித்துவிடத் தோன்றும். ஆனால் எந்த மூட்டு முதலில் விட்டது என்பதை அது விழும்போதுதான் சிறுவர்கள் காண்கின்றனர். ஒரு சுற்றுடன் நிறுத்தாமல், விழுந்த கோபுரங்களைப் பற்றிப் பேசவிட்டு இரண்டாம் சுற்று நடத்துவது கூடுதல் பயன் தரும். பல பள்ளிகளில் நேரமின்மையால் இரண்டாம் சுற்று நடைபெறுவதில்லை.

மார்ஷ்மெல்லோவில் சேர்க்கப்படும் ஜெலட்டின் பொதுவாக விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. போட்டி முடிந்ததும் சிறுவர்கள் அதனை உண்பது வழக்கமாதலால், மரக்கறி உண்போருக்கும் சமய உணவு விதிகளைப் பின்பற்றுவோருக்கும் இதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். தாவரப் பொருள்களால் செய்யப்பட்ட மார்ஷ்மெல்லோக்களும் கிடைக்கின்றன. ஏறத்தாழ 7 கிராம் எடையுள்ள களிமண் உருண்டையைப் பயன்படுத்தினாலும் கணக்கு மாறாது. எனினும் களிமண் கனமானது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்; எடையற்றது போன்று தோன்றி ஏமாற்றும் இயல்பு அதற்கு இல்லை.