ஊர் திரும்பினார், பதக்கம் வந்தது

ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தளத்தில் வழுக்கவிட்டு, வட்டத்தின் நடுப்புள்ளிக்கு அருகில் நிறுத்தவேண்டும். அதுதான் கர்லிங் விளையாட்டு.

ஜப்பானின் மாரி மோத்தோஹாஷி 2006, 2010 ஒலிம்பிக் போட்டிகளில் அவோமோரி அணியில் விளையாடினார். இரண்டிலும் பதக்கம் கிட்டவில்லை.

2010இல் அவர் பிறந்த ஊரான தொகோரோவுக்குத் திரும்பினார். ஹொக்கைடோ தீவில் உள்ள அந்தச் சிறிய மீன்பிடி ஊரில் 'லோகோ சொலாரே' என்ற அணியைத் தொடங்கினார்.

2015இல் தாயானார். அதே ஆண்டு சத்சுகி ஃபுஜிசாவா அணியில் சேர்ந்து தலைமையேற்றார்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் மோத்தோஹாஷி மாற்று ஆட்டக்காரர் மட்டுமே. அங்குதான் அணி பிரிட்டனை 5-3 என வென்று வெண்கலம் பெற்றது. கர்லிங்கில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

2022 பெய்ஜிங்கில் அணி வெள்ளி வென்றபோது அவர் களத்தில் இல்லை. ஆனால், அவர் தொடங்கிய அணி அங்கே இருந்தது.