கணினியில் உடைந்து வரும் எழுத்துகள்: ஒரு குடும்ப ஏட்டின் கதை

(சென்ற மாதம் நமது வானொலியின் ஞாயிறு மாலை உரையில் ஒலிபரப்பானதன் எழுத்து வடிவம்)



நான் கணினித் துறையில் வேலை பார்ப்பவன் அல்ல. பகலில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தளம் அமைப்பது என் பொழுதுபோக்கு. சிலர் மீன் தொட்டி வைத்திருப்பார்கள், சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். நான் நிரல் எழுதுகிறேன். இந்தப் பொழுதுபோக்கு ஒரு முறை என் குடும்பத்திற்கு உண்மையாகவே உதவியது. அதை இன்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் அதே போல ஒரு குறுந்தகடு தூசி படிந்து கிடக்கலாம்.

எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளும் வியாபாரமும் நாட்டுடைமை ஆயின. மறு வருடம் தாத்தா பிள்ளைகளுடன் ரங்கூனில் கப்பலேறி சென்னைக்கு வந்தார். ஏற்கெனவே கல்யாணமாகியிருந்த அத்தை மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அவர் இருப்பது கியாக்தான். ரங்கூனுக்குத் தென்கிழக்கே, பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சிரியம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் தன்லினுக்கும் அப்பால் இருக்கிற ஊர். ஆற்றின் நடுத்திட்டில் நிற்கும் யே லே பகோடாவுக்குப் படகில் போக வருகிறவர்களுக்கு அந்த ஊரைத் தெரியும்.

பெரியப்பா ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். யார் யார் கப்பலில் வந்தார்கள், யார் யார் அங்கே தங்கினார்கள் என்று 43 பெயர்கள் அதில் இருந்தன. 2003இல் அதைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருந்த ஓர் அக்கா தட்டச்சு செய்து, குறுந்தகட்டில் பதிந்து கொடுத்தார். பெரியப்பா 2009இல் காலமானார். குறிப்பேடு 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. மிஞ்சியது குறுந்தகடு ஒன்றுதான்.

அதைத் திறந்து பார்த்த என் தங்கை மகள், "மாமா, இது கெட்டுப் போச்சு, அழிச்சிடவா?" என்று கேட்டாள். திரை முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். நல்ல வேளையாக, அழிப்பதற்கு முன் கேட்டாள்.

கணினிக்கு எழுத்து தெரியாது

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைத் திரையில் காட்டுவது என்பதை ஒரு அட்டவணை சொல்கிறது. எழுதியவரும் வாசிப்பவரும் ஒரே அட்டவணையை வைத்திருந்தால் எழுத்து சரியாகத் தெரியும். இல்லாவிட்டால் உடையும்.

1990களில் ஆங்கிலத்துக்குப் பொது அட்டவணை இருந்தது. தமிழுக்கும் 1991 முதல் யூனிகோடு என்ற உலகப் பொது அட்டவணையில் இடம் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகள் அதைப் படிக்கும் திறன் பெறவில்லை. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. அதுவரை தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் திஸ்கி என்ற தரத்தை வகுத்தார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு அட்டவணை.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் வீடுகளிலும் பரவலாக இருந்தது பாமினி. அது ஒரு எளிய உபாயம். ஆங்கில எழுத்துகளுக்கான எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்களுக்கு விசைகள் அதே இடத்தில் இருந்தன. ஆனால் போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். பாமினியில் எழுதிய "தமிழ்" என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். மெய்யெழுத்தின் புள்ளிக்குத்தான் அந்த அரைப்புள்ளி.

யாழ்ப்பாணத்து அக்கா பாமினியில்தான் தட்டியிருந்தார். கோப்பு கெடவில்லை, எண்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு உரிய அட்டவணைதான் எங்கள் கணினியில் இல்லை.

யூனிகோடில் ஒவ்வொரு மொழிக்கும் தனி எண்கள் உண்டு. "தமிழ்" என்ற சொல் அதில் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள். 2980 என்றால் உலகத்தில் எந்தக் கணினிக்கும் "த"தான். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி வளர்ந்ததும் இந்த எண்களில்தான். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

கியாக்தானிலிருந்து வந்த பட்டியல்

பெரியப்பாவின் பெயர்களை இணையத்தளத்தில் ஏற்றி, குடும்பத்தார் எல்லோரும் பார்க்கும்படி செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதிப் பெயர்கள் அங்கே தங்கிவிட்டவர்களுடையவை. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, அங்கே தமிழ்ப் படிப்பு பெரும்பாலும் கோயில் வகுப்புகளில்தான் பிழைத்திருந்தது. பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். அத்தையின் பேரனுக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தடுமாறுவான். அவன் 2016இல் தன் கைப்பேசியில் தனக்குத் தெரிந்த உறவினர் பெயர்களையெல்லாம் பர்மிய எழுத்தில் தட்டி அனுப்பினான். என் கணினியில் அதுவும் உடைந்தே வந்தது. பெரியப்பா சொல்லிக் கொடுத்து எனக்குப் பர்மிய எழுத்து கொஞ்சம் தெரியும். ஊர்ப் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை.

இங்கே நடந்தது பாமினிக் கதையை விடச் சிக்கலானது. பர்மிய எழுத்துக்கு 1999இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. ஆனால் கூட்டெழுத்துகளை எப்படிச் சேமிப்பது என்ற முறை 2008இல்தான் முழுமையாக நிலைபெற்றது. அதற்குள் அங்கே ஸோஜி என்ற எழுத்துரு வந்துவிட்டது. ஸோஜி என்றால் பர்மியக் கதைகளில் வரும் ரசவாதச் சித்தர். அன்றைய கணினிகளில் நிறுவிய உடனே வேலை செய்ததால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் கைப்பேசிச் சேவை தொடங்கின. எட்டாத விலையில் இருந்த சிம் அட்டை 1500 சாட்டுக்குக் கிடைத்தது. மக்கள் கணினியைத் தொடாமல் நேரே கைப்பேசிக்குத் தாவினார்கள். கைப்பேசிகளில் இருந்தது பெரும்பாலும் ஸோஜி.

பாமினி ஆங்கிலத்தின் எண்களை எடுத்துக்கொண்டது. ஸோஜியோ யூனிகோடு பர்மியத்துக்கென்று ஒதுக்கிய எண்களையே எடுத்து, சிலவற்றுக்கு வேறு பொருள் கொடுத்தது. 4154 என்ற எண்ணைப் பாருங்கள். யூனிகோடில் அது நம் புள்ளியைப் போல மெய்யாக்கும் குறி. ஸோஜியில் அதே எண் "ய" ஒலி சேர்க்கும் குறி. கியாக்தான் என்ற பெயரைப் பர்மியத்தில் எழுதினால் இந்த இரண்டு குறிகளும் வரும். அதனால்தான் ஊர்ப் பெயரே உடைந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அது நமக்கு எளிதில் புரியும். "கொழும்பு" என்று எழுதும்போது நாம் முதலில் கொம்பு போடுகிறோம், பிறகு "க", பிறகு கால். பாமினி அந்த வரிசையிலேயே சேமிக்கும். யூனிகோடு ஒலிக்கும் வரிசைப்படி முதலில் "க", பிறகு உயிர்க்குறி என்று சேமிக்கும். பர்மியத்திலும் நம் கொம்பைப் போலவே எழுத்துக்கு முன்னால் வரையும் ஒரு குறி உண்டு. ஸோஜி அதை முன்னால் சேமிக்கும், யூனிகோடு பின்னால் சேமிக்கும். கியாக்தானில் அந்தக் குறியும் இருக்கிறது.

ஷான், மோன், கரேன் மக்களின் எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய எண்களையும் ஸோஜி பர்மிய வடிவங்களுக்கே பயன்படுத்திக்கொண்டது. அதனால் அந்தச் சிறுபான்மையினர் தங்கள் மொழியை ஸோஜிக் கைப்பேசியில் சரியாக எழுத முடியவில்லை. பெரும்பான்மைக்கு வசதியான குறுக்குவழி சிறுபான்மைக்கு முட்டுச்சந்தாவது நமக்குப் புதிய செய்தி அல்ல.

2019 அக்டோபர் 1ஆம் தேதியை யூனிகோடு நாள் என்று அறிவித்து, மியான்மர் நாடு முழுவதும் மாறத் தொடங்கியது. மாற்றித் தரும் நிரல்களும் வந்தன. ஆனால் 2016இல் அனுப்பிய பட்டியல் தானாக மாறாது. யாராவது மாற்ற வேண்டும்.

நான் செய்த தவறுகள்

பாமினிக் கோப்பை முழுவதுமாக மாற்றியில் போட்டேன். பெயர்கள் அழகாக வந்தன. ஆனால் அக்கா சில இடங்களில் உண்மையான ஆங்கிலத்திலும் தட்டியிருந்தார். ஆங்கிலத்தில் இருந்த ரங்கூன் என்ற சொல் "சுயபெழழ" என்பது போல ஆகிவிட்டது. ஏதோ கிராமத்தின் பெயர் என்று நினைத்து ஒரு வாரம் வரைபடத்தில் தேடினேன்!

பர்மியப் பட்டியலில் செய்த தவறு இதைவிட மோசம். ஒரு முறை மாற்றியதை மறந்து, மறுபடியும் மாற்றினேன். சரியாக இருந்த எண்கள் மீண்டும் புரண்டுவிட்டன. முதல் பிரதியை வைத்திருந்ததால் தப்பித்தேன்.

இரண்டு பட்டியலும் சரியான பிறகும் வேலை முடியவில்லை. எந்தத் தமிழ்ப் பெயரும் எந்தப் பர்மியப் பெயரும் ஒரே ஆள் என்று கணினி சொல்லாது. அதைச் சொல்லக் கூடியவர் அத்தை ஒருவர்தான். 2021 பிப்ரவரியில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இணையம் பல முறை துண்டிக்கப்பட்டது. பேரன் இணைப்புக் கிடைத்த நேரங்களில் அழைத்து, கைப்பேசியை அத்தையின் காதருகில் வைத்தான். நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். மூன்று அழைப்புகள் ஆயின. 43இல் 31 பெயர்கள் பொருந்தின.

அதில் ஒருவர் பெரியப்பாவின் சித்தப்பா மகன். அவர் பெயருக்கு எதிரே "தகவல் இல்லை" என்று பெரியப்பா எழுதியிருந்தார். அத்தை கேட்டதும், "தகவல் இல்லையா? அவன் இங்கே பக்கத்துக் கிராமத்துலதானேப்பா இருந்தான். போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு. பேரப்பிள்ளைங்க இருக்காங்க" என்றார். பேரன் அனுப்பிய பட்டியலில் அவர் பர்மியப் பெயரில் இருந்தார். பெரியப்பா காலமானபோது அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். கடிதப் போக்குவரத்து அரிதாக இருந்த காலத்தில் பெரியப்பா கேட்கவில்லை, அவருக்குத் தெரியும் என்று நினைத்து அத்தையும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலைப் பெரியப்பா இருக்கும்போதே அத்தைக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

நீங்கள் செய்யக் கூடியது

பழைய கோப்பில் ஆங்கில எழுத்துகளும் அடிக்கடி அரைப்புள்ளியும் தெரிந்தால் பாமினியாக இருக்கலாம். ஐரோப்பிய மொழிகளில் வருவது போல மேலே குறியிட்ட எழுத்துகள் தெரிந்தால் திஸ்கி அல்லது டாப் ஆக இருக்கலாம். எதுவானாலும் அழிக்க வேண்டாம்.

முதலில் ஒரு பிரதி எடுத்து, மூலத்தைத் தனியே வையுங்கள். ஆங்கிலப் பகுதிகளைப் பிரித்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதற்கு வேறு பெயர் கொடுத்துச் சேமியுங்கள், அப்போது இரண்டாம் முறை மாற்ற மாட்டீர்கள். பிடிஎப் கோப்பு பார்க்கச் சரியாக இருந்தாலும், உள்ளே பழைய எண்கள் இருக்கலாம். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புகைப்படமாக அனுப்பிய கடிதத்தைக் கண்ணால் படிக்கலாம், ஆனால் அதில் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நேரம் கிடைக்கும்போது தட்டி வையுங்கள். கடைசியாக, காகிதத்திலும் ஒரு பிரதி அச்சிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. மாற்றி முடித்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். 1960களில் பர்மாவிலிருந்து வந்த குடும்பமானாலும், 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பமானாலும், விட்டு வந்த ஊரின் பெயர்களைச் சரிபார்க்கக் கூடியவர்கள் நம்மிடம் மிகச் சிலரே. எண்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப் போட முடியாது.

அத்தைக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. பொருந்தாத 12 பெயர்கள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. அடுத்த முறை இணைப்புக் கிடைக்கும்போது அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.